உயிலங்குளத்துக் களிமண்ணும் மேய்ச்சல் நிலமும்

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் பெருவழி முருங்கனை அடையும்போது நிலத்தின் நிறம் மாறுகிறது. வன்னிப் பெருநிலத்தின் செங்கபில மண் பின்னே நின்றுவிட, சாம்பல் கலந்த கருமை நிறமுடைய களிமண் இருமருங்கும் விரிகிறது. அவ்வழியிலே முருங்கனுக்கும் கடலுக்கும் இடையே அமைந்த ஊர் உயிலங்குளம். பெயரிலேயே குளத்தைத் தாங்கிய ஊர் அது. சுற்றிலும் வயல்கள், வயல்களுக்கு இடையிடையே சிறுகுளங்கள், வயலும் குளமும் அல்லாத இடங்களில் முட்பற்றைகளும் புற்றரைகளும். வயலைப் பற்றிப் பேசுவோர் பலர். குளத்தைப் பற்றிப் பேசுவோரும் பலர். புற்றரையைப் பற்றியும் அதன் அடியில் உள்ள மண்ணைப் பற்றியும் பேசுவோர் மிகச் சிலரே.

ஆயினும் அந்தப் புற்றரையை நம்பி வாழும் உயிர்கள் அங்கே ஏராளம். ஐப்பசியிலே மழை தொடங்கிக் காலபோக நெல் விதைக்கப்பட்டதும் வயல்கள் யாவும் கால்நடைகளுக்கு அடைபட்டுவிடுகின்றன. அறுவடை முடிந்து தாளடிகளில் மாடுகள் இறங்கும் வரை, அவை மேய்வதற்கு உள்ள இடம் பயிரிடப்படாத தரைகளே. கட்டுக்கரைக் குளத்தை அண்டிய பகுதியிலே புல்லறுத்தான் கண்டல் என்றோர் இடப்பெயரே வழங்குகின்றது. புல்லின் அருமையை உணர்ந்த மக்கள் இட்ட பெயர் அது என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகின்றது. மாட்டுக்குப் புற்றரை மிக வேண்டப்படும் மாதங்கள் எவையோ, அந்த மாதங்களில்தான் அத்தரையின் மண் மிகவும் நொய்மையான நிலையில் இருக்கிறது. மாட்டின் பசியும் மண்ணின் நோவும் ஒரே காலத்தில் வருகின்றன. இந்த முரணை விளங்கிக்கொள்ளாமல் மேய்ச்சல் நிலத்தைப் பேணுவது இயலாது. விளங்கிக்கொள்வதற்கு முதலில் மண்ணின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஆவணி மாதத்தில் இந்நிலத்தைக் காண்பவர் இதனைக் கல் என்றே எண்ணுவர். மண்வெட்டி துள்ளும், கடப்பாரையும் எளிதில் இறங்காது. நிலமெங்கும் வெடிப்புகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். சில வெடிப்புகளில் கை முழுவதும் நுழையும். கன்றின் கால் சிக்கிக்கொள்ளத்தக்க அகலமும் சிலவற்றுக்கு உண்டு. அதே நிலத்தைக் கார்த்திகையில் காண்பவர், இது மண்ணா பசையா என்று ஐயுறுவர். வெடிப்புகள் இருந்த சுவடே தெரியாது. வைத்த காலை எடுக்க முடியாது. எடுத்தால் பாதத்தோடு படி மண்ணும் வரும். ஒரே நிலத்துக்கு இவ்வாறு இரண்டு முகங்கள் இருப்பதன் காரணம் என்ன?

1961 ஆம் ஆண்டில் மூர்மன், பானபொக்க என்னும் மண்ணியல் அறிஞர் இருவர் இலங்கையின் மண்வகைகளை முறைப்படுத்தி வெளியிட்டனர். முருங்கனிலும் துணுக்காயிலும் காணப்படும் இவ்வகைக் களிமண்ணுக்குக் குருமுசோல் என்ற பெயர் வழங்கலாயிற்று. பிற்காலத்து உலகப் பாகுபாட்டில் இது வெர்ட்டிசோல் என்னும் பெருவகுப்பில் அடங்கும். திரும்புதல், புரளுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கங்களிலே பருத்தி விளையும் கரிசல் நிலமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. கடல் இடையிட்டாலும் மண் உறவு விடவில்லை எனலாம்.

இம்மண்ணிலே மிகுதியாக உள்ள களித்துகள் மொன்மொரிலோனைற்று என்பது. பிரான்சு நாட்டிலுள்ள மொன்மொரில்லோன் என்னும் ஊரின் பெயரால் அமைந்த கனிமம் இது. இதன் ஒவ்வொரு துகளும் மிக மெல்லிய தகடுகள் பல அடுக்கப்பட்ட ஒரு சுவடிக்கட்டைப் போன்றது. ஓலைகளுக்கு இடையே நீர் புகுந்தால் கட்டுப் பருக்கும். நீர் வெளியேறினால் கட்டுச் சுருங்கும். கோடானுகோடிச் சுவடிக்கட்டுகள் ஒருங்கே சுருங்கும்போது நிலம் பிளக்கிறது. ஒருங்கே பருக்கும்போது பிளவு மூடுகிறது. ஆவணியின் கல்லும் கார்த்திகையின் பசையும் இதனால் விளைந்தவையே.

பிளந்த வெடிப்புக்குள் மேலிருந்து உதிர்ந்த பொடிமண் விழுகின்றது. மழை வந்து களி பருக்கும்போது, உள்ளே விழுந்த மண்ணுக்கும் இடம் வேண்டியிருப்பதால் அடிமண் நெருக்குண்டு மேலே தள்ளப்படுகின்றது. நெருக்குண்ட மண்கட்டிகள் ஒன்றோடொன்று உராய்ந்து, தேய்த்து மெருகிட்டது போன்ற வழவழப்பான முகங்களைப் பெறுகின்றன. ஆண்டுதோறும் நிகழும் இப்புரட்சியால் மேல்மண் அடிக்கும் அடிமண் மேலுக்கும் மெல்ல இடம்மாறுகின்றன. தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்று இதனைச் சொல்வதுண்டு. வேலிக் கம்பங்கள் சாய்வதும், ஆழமில்லாத அத்திவாரத்தில் எழுப்பிய சுவர்கள் வெடிப்பதும் இக்காரணத்தாலேயே. ஆஸ்திரேலியாவின் களிமண் வெளிகளில் இப்புரட்சி நிலத்தையே மேடும் பள்ளமுமாக ஆக்கிவிடுகின்றது. அப்பள்ளங்களுக்கு அந்நாட்டுப் பழங்குடியினர் வழங்கிய கில்கை என்ற சொல்லையே உலகத்து மண்ணியலாரும் இன்று ஆளுகின்றனர்.

இத்தகைய களி பிறவியிலேயே தீயது அன்று. நீரைத் தேக்கி வைக்கும் ஆற்றலும், பயிருக்கு வேண்டிய ஊட்டங்களைப் பற்றி வைக்கும் ஆற்றலும் இதற்கு நிரம்ப உண்டு. மன்னாரின் நெல்வளத்துக்கு இம்மண்ணும், அருவி ஆற்று நீரும், தேக்கம் அணையும், கட்டுக்கரைக் குளமுமே அடிப்படை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இயங்கிய காலத்தில், 1990 இல் அது நின்றுபோகும் வரை, முருங்கன் களி புகைவண்டியிலேறி அங்கே சென்றதும் பலர் அறிந்ததே. ஆலைக்கு உகந்த மண் மேய்ச்சலுக்கு மட்டும் ஏன் முரண்டுபிடிக்க வேண்டும்? அதற்கு விடை, களியிலே அன்று, களியைப் பற்றி நிற்கும் சோடியத்திலே உள்ளது.

களித்துகளின் மேற்பரப்பு எதிர்மின் ஏற்றம் உடையது. ஆகவே கல்சியம், மகனீசியம், சோடியம் முதலிய நேர்மின் துணிக்கைகளை அது தன்னோடு பிணைத்துக்கொள்ளும். கல்சியம் இரட்டை ஏற்றம் உடையது. அது தகடுகளை இறுகப் பற்றிச் சிறு சிறு மணிகளாகச் சேர்க்கும். மணிகளுக்கிடையே உள்ள துளைகள் வழியே நீரும் காற்றும் வேரும் செல்லும். சோடியமோ ஒற்றை ஏற்றம் உடையது. நீரைத் தன்னைச் சுற்றித் திரளாகப் போர்த்திக்கொள்ளும் இயல்பினது. சோடியம் மிகுந்த களியில் மழைநீர் பட்டால் தகடுகள் ஒன்றையொன்று விட்டு விலகி, பால்போலக் கலங்கிப் பிரிந்துவிடும். பிரிந்த நுண்துகள் துளைகளை அடைக்கும். பின்பு வெயில் காய்ந்ததும் மேற்பரப்பு ஓடுபோல இறுகும். மேலே நீர் தேங்கி நிற்க, நாலு அங்குலத்துக்குக் கீழே மண் உலர்ந்து கிடக்கும் விந்தையை இந்நிலங்களில் காணலாம். புல்லின் வேர் நீருக்கு அருகில் நின்றே நீர்வேட்கையால் வாடுகிறது.

சோடியம் எங்கிருந்து வந்தது? கடல் அணித்தே உள்ளது. பண்டு கடலோடும் களப்போடும் உறவுகொண்டிருந்த தாழ்நிலத்தில் உவர் படிவது இயற்கை. காற்று கடலுவரைச் சுமந்து வந்து தூவுகின்றது. கோடையில் நிலத்தடி உவர்நீர் மேலேறி ஆவியாகி உப்பை விட்டுச் செல்கின்றது. இப்பகுதி முழுவதும் ஒரே அளவில் சோடியம் உள்ளது என்று எண்ணலாகாது. ஒரே தரையில் பத்து அடி இடைவெளியில் நல்ல புல்லும் மொட்டைத் திட்டும் அருகருகே கிடக்கும். மேல்மண்ணிலும் அடிமண்ணிலே சோடியம் மிகுந்திருப்பதே பெரும்பான்மை. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னே அது பயன்படும்.

தமிழில் உவர் என்றும் களர் என்றும் இரண்டு சொற்கள் உள்ளன. இன்றைய வேளாண்மை நூல்கள் இவற்றைத் தெளிவாக வேறுபடுத்துகின்றன. கரையும் உப்பு மிகுந்தது உவர்நிலம். களியோடு பிணைந்த சோடியம் மிகுந்தது களர்நிலம். உவர்நிலத்தில் கோடையிலே வெள்ளைப் பூப்பு படியும். மண் பொலபொலவென்று இருக்கும். களர்நிலத்தில் மேற்பரப்பு இறுகியிருக்கும். சில வேளை, கரைந்த உக்கல் காய்ந்து கருங்கறையாகப் படிந்திருக்கும். உவர்நிலத்தை நல்ல நீர் கொண்டு கழுவினால் திருந்தும். களர்நிலத்தை வெறும் நல்ல நீரால் கழுவினால் இன்னும் கெடும். கரைந்த உப்பு இருக்கும் வரை அது தகடுகளைப் பிரியவொட்டாமல் காக்கின்றது. அவ்வுப்பையும் கழுவிவிட்டுச் சோடியத்தை மட்டும் விட்டுவைத்தால், அதன்பின் பெய்யும் நன்மழையே மண்ணைக் குலைத்துவிடும். வள்ளுவர் கல்லாதவரைக் களர்நிலத்துக்கு ஒப்பிட்டார். அந்நிலத்தின் பயனின்மை அக்காலத்தே எவ்வளவு அறியப்பட்டிருந்தது என்பதற்கு அது சான்று. ஆனால் கல்லாதவரைக் கற்பிக்கலாம் என்பது போலக் களரையும் திருத்தலாம் என்பதை இன்றைய அறிவு காட்டுகின்றது.

களர் உண்டா இல்லையா என்பதை வீட்டிலேயே ஒருவாறு சோதித்து அறியலாம். ஆஸ்திரேலிய அறிஞர் எமர்சன் 1967 இல் வகுத்த சோதனையின் எளிய வடிவம் இது. கண்ணாடிக் குவளையொன்றில் மழைநீரை எடுத்துக்கொள்க. கிணற்றுநீர் ஆகாது, அதிலுள்ள உப்பு உண்மையை மறைத்துவிடும். கடலையளவு உலர்ந்த மண்கட்டி ஒன்றை அந்நீரில் மெல்ல விடுக. கலக்கவோ அசைக்கவோ கூடாது. சில மணி நேரம் கழித்துப் பார்க்க. கட்டி உதிர்ந்து குவியலாகி, நீர் தெளிவாகவே இருந்தால் பெருங்கவலை வேண்டாம். கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் படர்ந்தால் அங்கே சோடியத்தின் ஆட்சி நடக்கின்றது என்று கொள்க. மேல்மண்ணையும் ஓரடி ஆழத்து மண்ணையும் தனித்தனியே சோதித்தல் நன்று. அதன்பின் விவசாயத் திணைக்களத்தின் மண் ஆய்வை நாடினால் அளவும் தெரியவரும். களி பிணைத்துள்ள துணிக்கைகளில் சோடியம் நூற்றுக்கு 15 ஐத் தாண்டினால் களர் என்பது அமெரிக்க வரையறை. கனத்த களிமண் நாடாகிய ஆஸ்திரேலியாவிலோ நூற்றுக்கு 6 என்ற அளவிலேயே எச்சரிக்கை தொடங்குகின்றது. கார அளவு எட்டரைக்கு மேற்படுவதும் களரின் ஓர் அடையாளம்.

இனி, திருத்தும் வழி யாது? பலருக்கும் முதலில் தோன்றுவது ஆழ உழுதல். இறுகிய மண்ணை உடைத்தால் நீர் இறங்கும், புல் செழிக்கும் என்பது அவர் எண்ணம். சோடியம் அடிமண்ணிலே மிகுந்துள்ளது என்று சற்று முன்னர் கண்டோம். ஆழ உழும் கலப்பை அந்த அடிமண்ணை மேலே கொணர்ந்து மழைக்குக் காட்டுகின்றது. பல ஆண்டுகளாகப் புல்லின் வேரும் சாணமும் சேர்ந்து திருத்தி வைத்த நாலைந்து அங்குல மேல்மண் கீழே புதைகின்றது. முதல் மாரியிலே நிலம் கலங்கி, அடுத்த கோடையிலே ஓடாகின்றது. ஒரு போகம் பயிரிட்டுப் பார்த்துக் கைவிடப்பட்ட களர்த்தரையில் முன்னிருந்த புல்லும் திரும்புவதில்லை. ஆதலின் புல் மூடிய களரை உழுது உடைத்தல் பெரும் பிழை. புல்லே அங்குள்ள மருந்து.

புல் எவ்வாறு மருந்தாகும்? இம்மண்ணைத் தோண்டினால் வெண்ணிறச் சுக்கான் கற்கள் அகப்படும். அவை சுண்ணாம்பே, சுண்ணாம்பிலே கல்சியம் உண்டு. சோடியத்தை விரட்டுவதற்கு வேண்டிய கல்சியம் அந்நிலத்திலேயே புதைந்து கிடக்கின்றது. ஆனால் காரம் மிகுந்த மண்ணில் சுண்ணாம்பு கரைவதில்லை. பெட்டியில் பூட்டிய பணம் போலப் பயன்படாமல் கிடக்கின்றது. அதற்குத் திறவுகோல் வேர். உயிருள்ள வேர் சுவாசித்துக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது. இறந்த வேர் உக்கும்போதும் அதே வாயு பிறக்கின்றது. அது மண்ணீரில் கலந்து மென்மையான அமிலமாகி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. கரைந்த கல்சியம் களியிலே ஏறி அமர, சோடியம் இறங்கி நீரோடு அகல்கின்றது. வேர் உக்கிய வழிகள் நீர் இறங்கும் குழாய்களாகின்றன. மேலே கிடக்கும் தழை மழைத்துளியின் அடியைத் தாங்கி மேற்பரப்பு இறுகாமல் காக்கின்றது.

இது வெறும் கற்பனை அன்று. வட இந்தியாவிலே கர்னால் நகரில் 1969 இல் தொடங்கப்பெற்ற மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம், கடுங்களரையும் தாங்கி வளரும் கர்னால் புல்லை வளர்த்து நிலத்தைத் திருத்தும் முறையை ஆராய்ந்தது. பாக்கிஸ்தானத்துப் பஞ்சாபில் அதே புல்லைக் கல்லார் புல் என்பர். கல்லார் என்பது அம்மக்கள் உப்பு பாதித்த நிலத்துக்கு இட்ட பெயர். தமிழ்நாட்டிலே திருச்சிராப்பள்ளியில் களர்நிலத்தின் மேலேயே வேளாண்மைக் கல்லூரி ஒன்று அமைந்து, களருக்கேற்ற நெல்லினங்களையும் வெளியிட்டுள்ளது. நிலத்தை மாற்றும் முயற்சியோடு நிலத்துக்கேற்ற பயிரைத் தேடும் முயற்சியும் சேர்ந்தே நடைபெறுகின்றது.

புல்லே எழாத மொட்டைத் திட்டுகளுக்கு ஜிப்சம் என்னும் கல்சிய உப்பு உதவும். சுண்ணாம்பைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் இது நீரில் கரையும். உப்பளங்களிலே உப்பு விளையுமுன் ஜிப்சம் படிகிறது என்பதை உப்பளத் தொழிலாளர் அறிவர். எவ்வளவு இடவேண்டும்? அமெரிக்க உவர்மண் ஆய்வுகூடம் 1954 இல் வெளியிட்ட கைந்நூலின்படி, ஓர் ஏக்கரில் ஓரடி ஆழ மண்ணிலுள்ள சோடியத்தை, 100 கிராம் மண்ணுக்கு ஒரு மில்லிச் சமவலு என்ற அளவால் குறைப்பதற்கு ஏறத்தாழ 1.7 தொன் ஜிப்சம் வேண்டும். 40 மில்லிச் சமவலு பிணைக்கக்கூடிய கனத்த களியொன்றை எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 20 ஆக உள்ள சோடியத்தை 10 ஆக்குவதற்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 7 தொன் வேண்டும் என்று கணக்கு வரும். மாடு மேய்க்கும் எந்தக் குடும்பத்தால் இதனைத் தாங்க முடியும்? ஆகவே தரை முழுவதற்கும் ஜிப்சம் இடுவது ஏட்டுச் சுரைக்காய். மொட்டைத் திட்டுகளில் மட்டும், மேல் நாலங்குலத்தைக் கருதி, மேற்சொன்ன அளவில் மூன்றிலொரு பங்கு இடுவது நடைமுறைக்கு ஒத்தது. முதல் மழைக்குச் சற்று முன்னர் இட்டு, அதன்மேல் சாணக்குப்பையும் வைக்கோலும் பரப்பி, மாடு மிதியாதபடி முள்ளடைத்து விடுதல் வேண்டும். நீர் வடிய வழியில்லாவிடின் விடுபட்ட சோடியம் அங்கேயே நிற்கும்; ஜிப்சமும் வீணாகும். எனவே ஆழமற்ற, சாய்வு குறைந்த வடிகால் ஒன்று வேண்டும். ஆழமாக வெட்டிய வாய்க்கால் களர் அடிமண்ணைத் திறந்துவிட்டு, நாளடைவில் பெரும் அரிப்புப் பள்ளமாகிவிடும்.

எந்தப் புல்லை வளர்க்கலாம்? அறுகு எல்லாவற்றிலும் முதன்மையானது. களரையும் உவரையும் தாங்கும், மிதியையும் தாங்கும், கணுவுக்குக் கணு வேர்விட்டு மொட்டைத் திட்டுக்குள் தானே புகும். நீர் நிற்கும் தாழ்விடங்களுக்குத் தண்ணீர்ப்புல் ஏற்றது. நீர் தேங்காத மேட்டுப் பாங்குக்குக் கொழுக்கட்டைப் புல் ஒத்துவரும். புல்லோடு அவரையினச் செடிகள் கலந்தால் மாட்டுக்குப் புரதமும் மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். வேலிமசாலும் சங்குப்பூக் கொடியும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் களிமண் மேய்ச்சல் தரைகளிலே பெயர்பெற்றவை. சங்குப்பூ மன்னாருக்கும் புதிதன்று. வேலிகளிலே நீலமும் வெண்மையுமாகப் பூப்பதை எவரும் பார்த்திருப்பர். விதைக்கும் காலத்தில் ஒரு கருத்து: வெடித்த நிலத்தில் தூவிய நுண்விதைகளை வெடிப்பே விழுங்கிவிடும். முதல் மழையில் வெடிப்புகள் மூடிய பின்னரே விதைத்தல் தகும். சீமைக் கருவேலைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். அது களரையும் தாங்கும். அதன் இனிய காய்களை மாடுகள் தின்று, சாணத்தின் வழியே விதையைத் தரையெங்கும் பரப்பிவிடும். பின்பு அறுகுக்கு அங்கே இடமிராது.

இப்பொழுது முதலிற் கூறிய முரணுக்கு வருவோம். மாரியிலே மாடு மேயவேண்டும். மாரியிலேதான் மண் மிதி தாங்காது. ஈரக்களியின் மேல் வைத்த குளம்பு மண்ணின் மணிகளை நசுக்கித் துளைகளை அடைக்கின்றது. குளம்புக் குழியில் நீர் நின்று புல் அழுகுகின்றது. ஒரு மாரியின் மிதி பல ஆண்டின் வேர்வேலையை அழித்துவிடும். ஆதலின் எளிய விதி ஒன்றைக் கைக்கொள்ளலாம்: குளம்பு பதிந்த இடத்தில் நீர் ஊறினால் அத்தரையில் அன்று மாடு விடலாகாது. அவ்வாறாயின் மாடு எங்கே செல்லும்? ஊரார் கூடித் தரையை நாலைந்து கூறாகப் பிரித்து, மணற்பாங்கான மேட்டுக்கூறு ஒன்றைக் கடுமழைக் காலத்துக்கென ஒதுக்கலாம். அக்கூறு மிதிபட்டுச் சேதமுறும் என்பது உண்மை. ஆனால் ஒன்று கெட்டு நான்கு பிழைப்பது, ஐந்தும் ஒருங்கே கெடுவதினும் மேலானது. மழை ஓய்ந்தபின் மற்றக் கூறுகளை முறைமாற்றி மேய்த்து, புல் நாலு விரல் உயரத்துக்குக் குறையுமுன் அடுத்த கூறுக்கு மாறவேண்டும்.

மேய்ச்சலின் சுமையைக் குறைக்க மற்றொரு வழியும் உண்டு. அது வயலிலேயே உள்ளது. அறுவடை இயந்திரம் வயலில் விட்டுச்செல்லும் வைக்கோலைத் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கம் இன்று பரவியிருக்கின்றது. மாசியிலே எரியும் வைக்கோல், அடுத்த கார்த்திகையில் மாடு தேடும் உணவு. போரிட்டு மழைபடாமல் மூடிவைத்த வைக்கோல், கடுமழை நாள்களில் மாட்டைப் பட்டியிலேயே நிறுத்திவைக்க உதவும். அதனோடு வேலிக் கிளிசிறியாவின் குழையும் சேர்ந்தால் உணவு குறைவுபடாது. பட்டியில் சேரும் சாணமோ மொட்டைத் திட்டுகளுக்கு மருந்தாகும். மாட்டைத் தரையிலிருந்து சில கிழமைகள் விலக்கி வைப்பதற்கு வேண்டியது பெரும்பொருள் அன்று, முன்யோசனையே.

தமிழர் மேய்ச்சல் நிலத்தை இவ்வாறு திட்டமிட்டுப் பேணியதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கொங்கு நாட்டிலே காங்கேயத்தைச் சூழ்ந்த கொரங்காடுகளைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். முட்கிளுவை உயிர்வேலியால் சூழப்பட்டு, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்து, முறைமாற்றி மேய்க்கப்படும் நிலங்கள் அவை. பெயர்பெற்ற காங்கேயம் காளைகள் அந்நிலங்களிலேயே வளர்ந்தன. அங்குள்ள மண் களி அன்று. மழையும் அங்கே குறைவு. ஆகவே அம்முறையை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. மேய்ச்சல் நிலமும் வயலைப் போலவே எல்லையும் உரிமையும் ஒழுங்கும் வேண்டும் நிலம் என்ற கருத்தையே அங்கிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

களரின் தீங்கு மேய்ச்சலோடு நிற்பதில்லை என்பதையும் கருதவேண்டும். சிறுகுளங்களின் அணைக்கட்டுகள் அண்டைமண்ணாலேயே கட்டப்படுகின்றன. சோடியம் மிகுந்த களியால் ஆன கட்டிலே, காய்ந்த வெடிப்பு ஒன்றின் வழியே நீர் கசியத் தொடங்கினால், அந்நீர் களியைக் கலக்கிக்கொண்டே செல்லும். பென்சில் அளவுத் துளை குடம் அளவாகும்; குடம் அளவு கட்டுடைப்பாகும். குளக்கட்டிலிருந்து கசியும் நீர் தெளிவாக இருந்தால் காத்திருக்கலாம். கலங்கலாக இருந்தால் காத்திருத்தல் ஆகாது. கட்டுக்கு மண் எடுக்குமுன் முன்பு சொன்ன குவளைச் சோதனையைச் செய்வதும், கட்டின்மேல் அறுகு படரவிட்டு வெயிலில் வெடிக்காமல் காப்பதும், அதன்மேல் மாட்டை ஏறவிடாதிருப்பதும் ஊர்க்காவல் என்றே சொல்லத்தகும்.

உயிலங்குளம் முதலிய ஊர்களில் புற்றரையைத் தரிசு என்று சொல்லும் வழக்கம் உண்டு. தரிசு என்று பெயரிட்ட நிலத்தை எவரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அப்பெயரோடு வந்துவிடுகின்றது. அது தரிசு அன்று. சுக்கான் கல்லில் பூட்டப்பட்ட கல்சியத்தைப் புல்லின் வேர் ஆண்டுதோறும் திறந்து, கடல் விட்டுச் சென்ற சோடியத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கும் வேலைக்களம் அது. அவ்வேலை மெதுவானது, மனிதன் ஒரு நாளில் கலப்பையால் கெடுத்ததை வேர் பல ஆண்டுகள் உழைத்தே திருத்தும். ஆகவே ஊரார் முதலில் செய்யத்தக்கது, தம் மேய்ச்சல் தரையின் எல்லையை வரையறுத்து அதனை மேய்ச்சல் தரையென்றே பதிவில் ஏற்றுவித்தல். அடுத்த அறுவடையில் வைக்கோலை எரியாது போரிடுதல் இரண்டாவது. வரும் மாரியிலே நனைந்த தரையில் மாட்டை விடாதிருத்தல் மூன்றாவது. இம்மூன்றுக்கும் ஜிப்சமும் வேண்டா, இயந்திரமும் வேண்டா. ஊரின் ஒற்றுமை ஒன்றே போதுமானது.